வாதிக்கு விளங்காத தீர்ப்பு

கூத்தாநல்லூர்க் கடைவீதியில் சில நாட்களுக்கு முன் நடந்த ஒரு சம்பவத்தை நேயர்களிடம் தெரிவித்துவிட்டே மேலே எழுத வேண்டியிருக்கிறது. சம்பவம் சிறியதுதான். ஆனால் அதைக் கண்ட நாள் முதல் நம் மனம் அமைதி கொள்ளவில்லை.

வயது எழுபதைக் கடந்த ராவுத்தர் ஒருவர், ஒரு கையில் குடையும் மற்றொரு கையில் காகிதக் கட்டுமாக நம்மைத் தேடி வந்தார். அவருடைய தகப்பனார் அந்நாளில் மலேயாவுக்குக் கப்பலேறிப் போய்ச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கொண்டு ஊரில் ஆறு மா நஞ்சை வாங்கினார். மூன்று மா ஓர் ஏக்கராகும் நமது தஞ்சைக் கணக்கில் அது இரண்டு ஏக்கர் நிலம். கிரயப் பத்திரம் இருக்கிறது, அனுபவம் இருக்கிறது, பட்டா மாத்திரம் எப்படியோ வேறொருவர் பெயருக்கு மாறிவிட்டது. அதைத் திருத்தித் தரும்படி அவர் மனுக் கொடுத்தார். பதில் இல்லை. மறுபடியும் கொடுத்தார். அதற்கும் பதில் இல்லை. கடைசியில் ஒரு மேல் கோர்ட்டுக்குப் போனார். மூன்று பக்கத்தில் ஆங்கிலத்தில் உத்தரவு வந்தது. எட்டு வாரத்துக்குள் அதிகாரி காரியத்தை முடித்தாக வேண்டுமென்று கோர்ட்டார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள் என்று ஒரு குமாஸ்தா தெரிவித்தார். பெரியவர் பூரித்துப்போய்த் தெருவுக்கு மிட்டாய் வழங்கினார்.

எட்டாவது வாரத்தில் அதிகாரியிடமிருந்து ஒரு தபால் வந்தது. அது நல்ல தமிழில்தான் இருந்தது. அவருடைய மனு பரிசீலிக்கப்பட்டு நிராகரிக்கப்படுகிறது என்று கண்டிருந்தது.

"தம்பி, கோர்ட்டு கொடுக்கச் சொன்னதை இவர் எப்படி மறுக்கலாம்? கோர்ட்டை அவமதித்ததாக இவர்மேல் வழக்குப் போட வேண்டாமா?" என்று கேட்டார் பெரியவர். இந்த எண்ணத்திலேயே அவர் பல மாதங்களைக் கழித்துவிட்டார். அதற்குள் மேல் அதிகாரியிடம் அப்பீல் செய்துகொள்வதற்குரிய தவணையும் தீர்ந்துபோயிருந்தது.

உத்தரவை வாங்கிப் படித்தோம். மனுவைச் சட்டப்படி 'கன்ஸிடர்' செய்யும்படி அதிகாரிக்குக் கட்டளையிடப்பட்டிருந்தது. அதற்குமேல் ஒன்றுமில்லை.

"மாமா, பட்டா கொடுக்கும்படி கோர்ட்டார் சொல்லவில்லை. கொடுக்கலாமா, கூடாதா என்று பார்க்கும்படிதான் சொல்லியிருக்கிறார்கள்" என்றோம்.

"பார்க்கச் சொல்வதற்கு ஒரு கோர்ட்டா? அதைத்தானே நானும் மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்!" என்று சொல்லிவிட்டுப் பெரியவர் மௌனமானார். நமக்கும் சொல்வதற்கு வார்த்தை அகப்படவில்லை.

இதில் நீதிபதியையோ வக்கீலையோ குறை கூறுவது நமது நோக்கமன்று. கோர்ட்டார் தமது அதிகாரத்தின் எல்லையை அறிந்து அளந்துதான் உத்தரவிட்டார்கள். குமாஸ்தாவும் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. தமக்கு விளங்கிய அளவில் சொன்னார். குற்றம் எங்கே இருக்கிறதென்றால், ஒரு மனிதருடைய நிலத்தின் கதியை நிர்ணயிக்கும் வார்த்தை அந்த மனிதருக்குத் தெரியாத பாஷையில் இருப்பதில் இருக்கிறது. 'கொடுக்க வேண்டும்' என்பதற்கும் 'கொடுக்கலாமா என்று ஆராய வேண்டும்' என்பதற்கும் உள்ள வித்தியாசத்தை அறியாத தமிழன் எவனுமில்லை. அந்த ஒரு வாக்கியம் தமிழில் இருந்திருக்குமாயின் மிட்டாய்ச் செலவு மிஞ்சியிருக்கும். அப்பீல் தவணையும் தப்பியிருக்கும்.

திருவாரூர் நமக்குப் பக்கத்து ஊர். கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை அசைத்த கதை அவ்வூரில் நடந்ததாகவே நம்முடைய முன்னோர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பசு பேசிய பாஷையை அரசன் கற்றுக்கொண்டானேயன்றி, அரசனுடைய பாஷையைக் கற்றுக்கொண்டு வரும்படி பசுவுக்கு உத்தரவிட்டதாகப் புராணத்தில் காணவில்லை.

சட்டம் என்பது ஆங்கிலத்திலேயே பிறந்து வளர்ந்த சாஸ்திரம், அதைத் தமிழில் சொல்ல முடியாது என்று கருதுவோர் நம்மிடையே இன்றும் பலர் உளர். இவர்கள் இங்கிலாந்தின் சரித்திரத்தைச் சற்றுப் புரட்டிப் பார்ப்பது நலம். இங்கிலாந்தின் கோர்ட்டுகளிலேயே பல நூற்றாண்டுகள் ஆங்கிலத்துக்கு இடமில்லாதிருந்தது. நார்மானியர் கொண்டுவந்த பிரெஞ்சு மொழியிலே வக்கீல்கள் வாதித்தார்கள். லத்தீனிலே பதிவு செய்தார்கள். 1362-ல் மூன்றாம் எட்வர்டு மன்னர் காலத்தில், ஜனங்களுக்குப் பிரெஞ்சு மொழி தெரியாதென்ற காரணத்தைச் சொல்லி, வழக்குகளை ஆங்கிலத்தில் வாதிக்க வேண்டுமென்று சட்டம் செய்தார்கள். அப்பொழுதும் வக்கீல்கள் தங்கள் பழக்கத்தை விடவில்லை. 1731-ல் பார்லிமெண்டு மறுபடியும் ஒரு சட்டம் செய்து, 1733 முதல் கோர்ட்டு நடவடிக்கை அனைத்தும் ஆங்கிலத்திலேயே இருக்க வேண்டுமென்று விதித்த பிறகுதான் லத்தீன் நீங்கிற்று. ஆங்கிலம் சட்டத்துக்குப் போதாது, நுட்பமான பொருள்களை அதில் சொல்ல இயலாது என்று அக்காலத்து ஆங்கில நியாயவாதிகளே சொல்லிக்கொண்டிருந்தார்கள். இன்று நமது நியாயவாதிகள் தமிழைப் பற்றிச் சொல்வதும் அதுவே. ஆள் மாறினாலும் வாதம் மாறவில்லை. 'மார்ட்கேஜ்' என்ற சொல்லை ஆங்கிலச் சொல்லென்று நாம் பயபக்தியுடன் உச்சரிக்கிறோமே, அது பிரெஞ்சில் 'செத்த அடகு' என்று பொருள்படும் சொல். கடன்பட்ட இங்கிலீஷ் குடியானவனுக்கும் அது ஒரு காலத்தில் விளங்காத வார்த்தைதான்.

நமது நாட்டிலும் கம்பெனியார் 1837-ஆம் வருஷத்து 29-வது சட்டத்தால் பாரசீக பாஷையைக் கோர்ட்டுகளிலிருந்து விலக்கினார்கள். குடிகளுக்குத் தெரியாத பாஷையில் நியாய பரிபாலனம் நடத்தல் தகாது என்பது அப்போது கூறப்பட்ட நியாயம். நியாயம் நல்லதுதான். பாரசீகம் போன இடத்தில் மேல் கோர்ட்டுகளிலெல்லாம் அமர்ந்தது ஆங்கிலம் என்பதே அதன் முடிவாயிற்று.

இந்த அநீதியை நமது ஜில்லாவிலேயே ஒருவர் முதன்முதலில் உணர்ந்து காரியத்திலும் இறங்கினார். மாயூரத்தில் ஜில்லா முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளையவர்களை 'பிரதாப முதலியார் சரித்திரம்' எழுதியவர் என்ற அளவிலேயே இன்று நினைக்கிறோம். அந்தக் கதை 1879-ல் வெளிவருவதற்குப் பதினேழு வருஷங்களுக்கு முன்பே, 1862-ல், 1805 முதல் 1861 வரையில் சதர் கோர்ட்டார் செய்த தீர்ப்புகளைத் தமிழில் திரட்டிச் 'சித்தாந்த சங்கிரகம்' என்ற பெயரால் அவர் அச்சிட்டார். சென்னை ஐகோர்ட்டு ஏற்பட்டதும் அதே 1862-ல்தான் என்பதை நினைத்தால் நமக்கு வியப்பும் வெட்கமும் ஒருங்கே உண்டாகின்றன. ஐகோர்ட்டு பிறந்த வருஷத்திலேயே தமிழில் தீர்ப்புத் திரட்டும் பிறந்துவிட்டது; முன்னது வளர்ந்தது, பின்னதைத் தொடர்ந்து நடத்துவாரில்லை. தமிழ் நாட்டில், தமிழ் நீதிபதியின் முன்னே, தமிழ்க் கட்சிக்காரருக்காக, தமிழ் வக்கீல்கள் ஆங்கிலத்தில் வாதிக்கும் விந்தையைத் தம் கதையிலும் அவர் பரிகசித்தார். அந்தப் பரிகாசத்தை இன்றைக்குப் படித்தாலும் ஒரு வார்த்தையையும் மாற்ற வேண்டிய அவசியமில்லை.

சுதந்திரம் வந்த பின்னர் நிலைமை என்ன? 1956-ல் தமிழை ஆட்சி மொழியாக்கச் சட்டம் செய்தோம். 1976-ல் அதைத் திருத்திக் கீழ்க்கோர்ட்டுகளில் சாட்சியப் பதிவும் தீர்ப்பும் உத்தரவும் தமிழிலாக வழி செய்தோம். ஆயினும் கீழ்க்கோர்ட்டுகளிலேயே ஆங்கிலத் தீர்ப்பு ஒழிந்தபாடில்லை. ஐகோர்ட்டிலோ அரசியல் சாசனத்தின் 348-வது பிரிவு குறுக்கே நிற்கிறது. அதன் முதல் உட்பிரிவு ஐகோர்ட்டுகளின் பாஷை ஆங்கிலமே என்கிறது. இரண்டாவது உட்பிரிவு, ஜனாதிபதியின் சம்மதத்தை முன்னதாகப் பெற்றுக் கவர்னர் அந்தந்த ராஜ்யத்தின் பாஷையை அனுமதிக்கலாம் என்கிறது. அவ்விதமே ராஜஸ்தான் 1950-லும், உத்தரப் பிரதேசம் 1969-லும், மத்தியப் பிரதேசம் 1971-லும், பீகார் 1972-லும் ஹிந்திக்கு அனுமதி பெற்றுக்கொண்டன. தமிழுக்காக நமது சட்டசபை 2006 டிசம்பரில் ஏகமனதாகத் தீர்மானம் செய்து அனுப்பியது. 2012-ல் ஸுப்ரீம் கோர்ட்டு நீதிபதிகள் யாவரும் கூடி ஆலோசித்து, அதை ஏற்பதற்கில்லை என்று சொல்லிவிட்டார்கள். பிரதம நீதிபதியின் சம்மதம் தேவையென்று சாசனத்தில் எங்கும் எழுதப்படவில்லை. 1965-ல் மந்திரி சபை செய்துகொண்ட ஒரு முடிவின் பலத்தால்தான் அவர்களுடைய அபிப்பிராயம் கேட்கப்படுகிறது. ஹிந்திக்குத் திறந்த கதவு தமிழுக்கு ஏன் திறக்கவில்லை என்று கேட்டால், ராஜஸ்தான் 1965-க்கு முன்பே பெற்றுக்கொண்டது என்பார்கள். மற்ற மூன்றும் அதற்குப் பிறகல்லவா பெற்றன?

இதுவரை கூறியது சர்க்காரையும் கோர்ட்டையும் நோக்கி. இனி நம்மை நோக்கியும் சிறிது பேச வேண்டும். மேடையேறித் தமிழுக்காக முழங்கும் அன்பர்களிடம், 'நாளைக்கே ஐகோர்ட்டில் தமிழ் வந்துவிட்டது. என்ன சொற்களைக் கொண்டு தீர்ப்பு எழுதுவது?' என்று கேட்டால் பதில் தயாராக இருக்கிறதா?

சொல்லாக்கத்தில் நாம் சோம்பியிருந்தோமென்று சொல்ல முடியாது. மகாகவி பாரதியார் 'மெம்பர்' என்ற ஒரு சொல்லுக்குத் தமிழ் தேடித் திருப்திப்படாமல் அப்படியே எழுதிவிட்டுப் போனார். ராஜாஜி 1916-ல் சேலத்தில் நண்பர்களுடன் சேர்ந்து சாஸ்திர பரிபாஷைக்கென்று ஒரு சங்கம் கண்டார். 1940-ல் சென்னை சர்க்கார் அமைத்த பரிபாஷைக் கமிட்டிக்குத் தலைமை வகித்தவர் நமது வலங்கைமான் தந்த மகா கனம் சீனிவாச சாஸ்திரியார். ஆங்கிலேயரே வியக்கும்படி ஆங்கிலம் பேசிய அப்பெரியார், தமிழ்ச் சொற்களுக்குச் சம்ஸ்கிருதத்தையே பெரிதும் நாடுவாரென்று தமிழன்பர்கள் கிளர்ச்சி செய்ததும், கமிட்டியில் தமிழறிஞர்கள் சேர்க்கப்பட்டதும் பலர் அறிந்த விஷயம். பின்னர் 1957-ல் ஆட்சிச் சொல்லகராதி வெளிவந்தது, கீ. இராமலிங்கனார் போன்றோர் அதற்காக உழைத்த உழைப்பு மறக்கத்தக்கதன்று.

ஆனால் அகராதியில் இருக்கும் சொல் அலமாரியில் இருக்கும் சொல். அது வாதியின் வாயிலும் பிரதிவாதியின் வாயிலும் புழங்கிப் பத்து வழக்குகளில் அடிபட்டால்தான் அதன் பொருள் உறைக்கும். ஆங்கிலச் சட்டச் சொற்களுக்கு இருக்கும் துல்லியம் பிறவியிலே வந்ததன்று. நூற்றுக்கணக்கான ஆண்டுகளாக நீதிபதிகள் ஒவ்வொரு சொல்லையும் இழைத்து இழைத்துக் கொடுத்த துல்லியம் அது. தமிழ்ச் சொல்லைக் கோர்ட்டுக்குள் விடாமலே அது துல்லியமாக இல்லை என்பது, நீந்தத் தெரிந்த பிறகே ஆற்றில் இறங்கலாம் என்பது போலாகும்.

இன்னொரு பிழையும் நம்மிடத்தில் உண்டு. 'ஜாமீன்', 'ஜப்தி', 'வாய்தா', 'வக்காலத்து', 'அமீனா' ஆகிய இவை பாரசீக, அரபு, ஹிந்துஸ்தானி வழிகளில் வந்தவை. நவாபும் மராட்டிய மன்னர்களும் ஆண்ட காலத்தில் நமது ஜில்லாவில் ஊன்றிவிட்டன. கிராமத்துக் கிழவிக்கும் இவற்றின் பொருள் தெரியும். இவற்றை நீக்கிப் 'பிணை', 'பற்றுகை' என்று எழுதுகிறோம். பிணை நல்ல சொல், பழகிவிட்டது, இலங்கையிலும் அதுவே வழங்குகிறது. பற்றுகை என்றால் தன் வீட்டுச் சாமானை அள்ளிக்கொண்டு போகப்போகிறார்களென்று எத்தனை பேருக்குத் தோன்றும்? 'இன்ஜங்ஷன்' என்பதற்கு உறுத்துக்கட்டளை என்கிறார்கள். அச்சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் அறிந்துகொள்ளும் வாதியை நாம் இதுவரை சந்தித்ததில்லை. ஆங்கிலம் விளங்காத ஒருவருக்கு விளங்காத தமிழைக் கொடுப்பதில் தமிழுக்குப் பெருமை உண்டாகலாம். அவருக்கு நியாயம் உண்டாகாது. நிலைத்துவிட்ட சொல் எந்தத் தேசத்துச் சொல்லானாலும் இருந்துவிட்டுப் போகட்டும் என்பதே நமது தாழ்மையான அபிப்பிராயம். தூய தமிழன்பர்கள் சிலர் இதற்காக நம்மேல் கோபிக்கக்கூடும். கோபத்தை ஏற்கச் சித்தமாயிருக்கிறோம்.

புதுச் சொல் தேவைப்படும் இடம் வேறு. அது பொருள் மயங்கும் இடம். பத்திரிகைகளாகிய நாமே இதில் பெருங் குற்றவாளிகள். ஒருவர் ஜாமீனில் வெளியே வந்தாலும் 'விடுதலை' என்கிறோம். வழக்குக்கு முகாந்திரமே இல்லையென்று விசாரணைக்கு முன்னரே விடப்பட்டாலும் விடுதலை. முழு விசாரணை நடந்து குற்றமற்றவரென்று தீர்மானமானாலும் விடுதலை. தண்டனையை அனுபவித்துத் தீர்த்துவிட்டு வந்தாலும் விடுதலையே. ஒரு தொண்டருடைய கௌரவம் முழுவதும் இந்த நான்கில் எது என்பதைப் பொறுத்திருக்க, நாம் நான்கையும் ஒரே சாக்கில் கட்டுகிறோம். 'தடை' என்ற சொல்லின் கதியும் இப்படியே. ஒரு மனிதனை ஒரு காரியம் செய்யாதே என்று நிறுத்துவதும் தடை. கீழ்க்கோர்ட்டின் தீர்ப்பை நிறைவேற்றாமல் நிறுத்திவைப்பதும் தடை. ஊரில் கூட்டம் கூடலாகாதென்ற போலீஸ் உத்தரவும் தடை. ஒரு பொருளுக்கு ஒரு சொல், அந்தச் சொல்லுக்கு அந்த ஒரு பொருள் என்ற கட்டுப்பாடு இல்லாத வரையில் நமது சட்டத் தமிழ் நிமிராது.

இந்தக் கட்டுப்பாட்டுக்கு வேண்டிய மூலதனம் நம்மிடமே புதைந்து கிடக்கிறது. சேக்கிழார் பெரிய புராணத்தில் சுந்தரமூர்த்தி நாயனாரைத் தடுத்தாட்கொண்ட கதையை வக்கீல்கள் அவசியம் ஒருமுறை படிக்க வேண்டும். அது பக்திக் கதை என்பதோடு ஒரு சிவில் வழக்கின் முழு நடவடிக்கையுமாகும். புத்தூரில் கலியாணப் பந்தலில் ஒரு கிழவர் வந்து, மணமகன் தமக்கு அடிமை, அதற்கு அவன் பாட்டனார் எழுதிய ஓலை சான்று என்கிறார். மணமகன் ஓலையைப் பிடுங்கிக் கிழித்துவிடுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்கு வருகிறது. அனுபவம், ஆவணம், அயலார் நேரில் கண்ட சாட்சி என்னும் மூன்று வகை ருசுவையும் சபையார் வகுத்துச் சொல்கிறார்கள். கிழிக்கப்பட்டது படியோலை, மூலவோலை என்னிடம் பத்திரமாயிருக்கிறது என்கிறார் கிழவர். பாட்டனாருடைய வேறொரு கையெழுத்தை வருவித்து ஒப்பிட்டுப் பார்த்துச் சபையார் தீர்ப்புச் சொல்கிறார்கள். மூலத்துக்கும் படிக்கும் உள்ள பேதத்தை 1872-ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்தில்தான் நமக்குக் கற்றுக் கொடுத்தார்களென்று எண்ணுவோருக்கு, பன்னிரண்டாம் நூற்றாண்டுத் தமிழ் நூல் இது என்பதை நினைவூட்டுகிறோம்.

அவ்வளவு தூரம் போவானேன்? நமது பத்திர எழுத்தர்களைப் பாருங்கள். ஆங்கில ஆட்சி வந்த பின்னும் இவர்கள் தமிழிலேயே எழுதினார்கள். சுத்தக் கிரயம், ஒற்றி, போகியம், ஈடு, குத்தகை, வாரம், பாகப் பிரிவினை, விடுதலைப் பத்திரம், தான செட்டில்மெண்டு என்று சொத்து மாறும் வகைகள் ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர் இவர்களிடம் இருக்கிறது. 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டம் அடமானத்தை ஆறு வகையாகப் பிரித்தது. அவற்றுள் நிலத்தைக் கடன் கொடுத்தவன் கையில் விட்டு வட்டிக்கு ஈடாக மகசூலை அனுபவிக்கச் செய்யும் வகையை நம் குடியானவன் போகியமென்றும் ஒற்றியென்றும் முன்பே அறிவான். நிதி, நிட்சேபம், ஜலம், பாஷாணம் என்று தொடங்கும் அஷ்டபோக வரிசையைப் பத்திரத்தில் வாசித்தால் எல்லாச் சொல்லும் விளங்காவிட்டாலும், 'நிலத்தின் மேலுள்ளதும் கீழுள்ளதும் வாங்கினவனுக்கே' என்ற கருத்து எவருக்கும் விளங்கும். வழக்கிலிருக்கும் சொல்லின் சக்தி அது. சொல்லாக்கக் கமிட்டிகளில் புலவர்களும் நியாயவாதிகளும் அமர்கிறார்கள், நல்லது. ஒரு பழுத்த பத்திர எழுத்தரையும், ஒரு கோர்ட்டுக் குமாஸ்தாவையும் அருகே அமர்த்திக்கொண்டால் பாதி வேலை மிச்சமாகும்.

சொல்லின் கூர்மையில் குடியானவனுடைய ஜீவனமே தொங்குகிறது என்பதை நமது காவிரிப் பிரதேசம் நன்றாக அறியும். 1952-ல் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1955-ல் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பின்னதன்படி பாதுகாப்புப் பெற வேண்டுமாயின், தானோ தன் குடும்பத்தாரோ தம் சரீர உழைப்பைச் சாகுபடியில் செலுத்துகிறவனாக இருக்க வேண்டும். பண்ணையாளா, வாரதாரனா, குத்தகைதாரனா என்ற ஒரு சொல்லின்மேல் எத்தனையோ குடும்பங்கள் நிலத்தில் நின்றன, அல்லது நிலத்தை விட்டு நீங்கின. கைநாட்டு வைத்த காகிதத்தில் எந்தச் சொல் எழுதப்பட்டிருந்தது என்பது வழக்கு வந்த பிறகுதான் பலருக்குத் தெரிந்தது.

தமிழ்ச் சொல் சட்டத்தின் பாரத்தைத் தாங்குமா என்று ஐயுறுவோர் யாழ்ப்பாணத்தைப் பார்க்கட்டும். அங்கே தமிழருடைய வழக்கங்களை 1706-ல் ஒல்லாந்த அதிகாரியான கிளாஸ் ஐசாக்ஸ் திரட்டினார், அதுவே தேசவழமை. ஒல்லாந்தர் போய் ஆங்கிலேயர் வந்தனர்; ஆங்கிலேயரும் போயினர். முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்ற மூன்று தமிழ்ச் சொற்களை எவராலும் அசைக்க முடியவில்லை. கொழும்பு நீதிபதிகள் ஆங்கிலத்தில் தீர்ப்பு எழுதினாலும் இச்சொற்களை மொழிபெயர்க்காமல் அப்படியே எழுதினார்கள். ஏனெனில் அவற்றுக்கு ஈடான ஆங்கிலச் சொல் இல்லை. நிற்க, இலங்கைத் தமிழரும் நாமும் ஒரே சொல்லுக்கு வேறு வேறு பொருள் கொள்வது விசனத்துக்குரியது. நமக்கு உயர் நீதிமன்றமென்றால் ஐகோர்ட்டு. அவர்களுக்கு அது நாட்டின் தலைமைக் கோர்ட்டு. நமது குற்றவியல் நடுவர் அவர்களுக்கு நீதவான். கடலுக்கு இரு கரையிலும் உள்ள அறிஞர்கள் கலந்து ஒரு சொற்கோவை வகுக்கலாகாதா?

கடைசியாக ஒரு தூர தேசத்தின் செய்தி. வட கடலில் ஐஸ்லாந்து என்ற தீவு இருக்கிறது. அதன் ஜனத்தொகை நான்கு லட்சத்துக்கும் குறைவு; 2011-ஆம் வருஷத்துக் கணக்குப்படி பன்னிரண்டரை லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்களைக் கொண்ட நமது திருவாரூர் ஜில்லாவில் மூன்றிலொரு பங்குகூட ஆகாது. அங்கே 930-ஆம் ஆண்டு முதல் ஜனங்கள் ஒரு பொதுவெளியில் சபை கூடினார்கள். சட்டம் எழுத்தில் இல்லாத காலத்தில், சட்டமோதுவான் ஒருவன் பாறையின்மேல் நின்று மூன்று வருஷத்தில் சட்டம் முழுவதையும் ஜனங்கள் காதில் விழும்படி சொல்லி முடிப்பான். பின்னர் அந்நாடு டென்மார்க்கு மன்னருக்கு உட்பட்டது. 1920-ல் தமக்கென்று தலைமைக் கோர்ட்டு அமையும் வரையில் அவர்களுடைய கடைசி அப்பீல் கோபன்ஹேகனுக்குப் போயிற்று. அப்படியும் அவர்கள் தங்கள் சொற்களை விடவில்லை. பத்திரம் பதிவு செய்வதை இன்றும் 'திங்லீசிங்' என்கிறார்கள். சபையறிய அறிவித்தல் என்பது அதன் பொருள். வக்கீலை 'லக்மாதுர்' என்கிறார்கள். சட்ட மனிதன் என்று அர்த்தம். டெலிபோனுக்குக் கூட நூல், கயிறு என்று பொருள்படும் ஒரு பழஞ்சொல்லைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டார்கள். 1994 முதல் ஐரோப்பியப் பொருளாதார ஒப்பந்தத்தின் கீழ் மலைபோல் வந்து குவியும் பிற தேசத்துச் சட்டங்களைத் தங்கள் பாஷையில் பெயர்ப்பதற்கென்று வெளிநாட்டு இலாகாவில் ஒரு நிலையத்தையே வைத்து நடத்துகிறார்கள். அவர்களுடைய வக்கீல்களுக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும். ஆயினும், தெரியாத ஒருவன் இருப்பானே என்பது அவர்கள் கணக்கு. நாமோ ஏழு கோடிக்கு மேற்பட்டவர்கள்.

நமது கோரிக்கை பெரிதன்று. ஐகோர்ட்டில் தமிழ் வாதத்துக்கு அனுமதி வாங்கும் முயற்சி ஒருபுறம் நடக்கட்டும். அது டில்லியின் தயவைப் பொறுத்தது. அதற்குக் காத்திராமலே செய்யக்கூடியது ஒன்று உண்டு. கிரிமினல் வழக்கில் தண்டனை பெற்றவன் விரும்பிக் கேட்டால், இயலுமாயின் தீர்ப்பைத் தன் பாஷையில் பெயர்த்து வாங்கிக்கொள்ளலாமென்று பழைய கிரிமினல் நடைமுறைச் சட்டத்தின் 363-வது பிரிவு சொல்லிற்று; 2024 ஜூலை முதல் தேதி அமுலுக்கு வந்த புதிய சட்டத்திலும் அந்த விதி இருக்கிறது. அப்பீலுக்குரிய தீர்ப்பானால் அதற்குக் கட்டணமும் இல்லை. திருடியவனுக்கு இந்த உரிமை இருக்கும்பொழுது, திருட்டுக் கொடுத்தவனுக்கும், நிலத்துக்காக வழக்காடும் குடியானவனுக்கும் ஏன் இல்லை? எந்தக் கோர்ட்டின் தீர்ப்பாயினும், உத்தரவாயினும், கட்சிக்காரர் கையில் தமிழ்ப் பிரதி சேர்ந்த நாளிலிருந்துதான் அப்பீல் தவணை ஓடத் தொடங்கும் என்று ஒரு விதி ஏற்படட்டும். மறுநாளே மொழிபெயர்ப்பாளர்கள் கிடைப்பார்கள், சொற்களும் கிடைக்கும்.

2019 முதல் ஸுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்புகள் சில தமிழிலும் வருகின்றன. முதலில் வெளியிட்ட பாஷைகளின் ஜாபிதாவில் தமிழ் இல்லை. நமது நாட்டினர் குரலெழுப்பிய பிறகே சேர்த்தார்கள். இப்போது இயந்திரமும் மொழிபெயர்ப்புக்குத் துணை செய்கிறது. அதை நாம் வரவேற்கிறோம். ஆனால் அந்தப் பெயர்ப்புகளுடன், இது கட்சிக்காரர் தெரிந்துகொள்வதற்கு மாத்திரமே, மற்றக் காரியங்களுக்கெல்லாம் ஆங்கிலமே பிரமாணம் என்ற எச்சரிக்கையும் சேர்ந்து வருகிறது. பாராளுமன்றத்துச் சட்டங்களை மாகாண பாஷைகளில் பெயர்த்து ஜனாதிபதியின் அதிகாரத்தால் வெளியிட்டால் அது பிரமாணமான வாசகமே என்று 1973-லேயே ஒரு சட்டம் செய்திருக்கிறார்கள். சட்டத்துக்குத் தமிழ் பிரமாணமாகலாமென்றால் தீர்ப்புக்கு ஏன் ஆகலாகாது?

ஜில்லாதோறும் உள்ள வக்கீல் சங்கத்தார் இவ்விஷயத்தில் முன்வர வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம். சர்க்கார் உத்தரவை எதிர்பாராமல், தமது கட்சிக்காரருக்கு வரும் ஒவ்வோர் உத்தரவின் முடிவுப் பகுதியையும் பத்து வரித் தமிழில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுப்பது என்று அவர்கள் தங்களுக்குள் ஒரு நியமம் செய்துகொள்ளலாம். மாயூரத்து முன்சீப், உத்தியோக வேலைகளுக்கிடையே தனியொருவராக ஐம்பத்தேழு வருஷத்துத் தீர்ப்புகளைத் திரட்டினார்.

கூத்தாநல்லூர்ப் பெரியவர் தவணை கடந்ததற்குக் காரணம் காட்டி மறுபடியும் மனுச் செய்திருக்கிறார். இம்முறை வரும் உத்தரவு எதுவானாலும் அதைத் தமிழில் எழுதித் தம் கையில் கொடுக்க வேண்டுமென்று முன்னதாகவே வக்கீலிடம் பேசி வைத்துவிட்டார். வக்கீலும் சம்மதித்திருக்கிறாராம். அதற்குத் தனிக் கட்டணம் உண்டா, இல்லையா என்பது மாத்திரம் இன்னும் தீர்மானமாகவில்லை.